மூன்றாவது முதுகு

சென்னை,
ஆகஸ்ட் 3

அன்புத் தம்பி பரிதிக்கு,

இன்று போனில் பேசும்போது உனக்குப் பின்னால் நின்ற பையன் "முடிச்சிட்டியா, முடிச்சிட்டியா" என்று உயிரை வாங்கினான். சொல்ல வந்ததைச் சொல்லவே முடியவில்லை. செல்போன்களைப் பூட்டி வைத்து, இந்தக் காலத்திலும் தபால்காரருக்கு வேலை கொடுக்கிறது உங்கள் கோச்சிங் சென்டர்.

விஷயம் இதுதான். உங்கள் சென்டரில் மாணவர்களின் மனஅழுத்தம் குறைய ஓர் அறை அமைக்கப் போகிறார்களாம். அந்த வேலை எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது. என்ன நிறம், எந்த விளக்கு, எங்கே உட்காருவது, எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது, எல்லாம் நாங்கள் முடிவு செய்ய வேண்டும். நான் முந்திக்கொண்டு கை தூக்கிவிட்டேன். தம்பி அங்கேதான் படிக்கிறான் என்று சொல்லவில்லை.

எங்கள் மேடம் வெளிநாட்டுப் படங்களாகக் காட்டுகிறார். மூங்கில், கூழாங்கல், மெழுகுவர்த்தி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கிறவன் நீ. கூட இருக்கிறவர்களைக் கேட்டு எழுது. ஓர் அறைக்குள் போனால் மனசு லேசாக உங்களுக்கு என்ன வேண்டும்?

மூன்றாவது முறை நீட் எழுதப் போகிறாய். ஒழுங்காகச் சாப்பிடு. போன தடவை பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் அக்கா,
எழில்மொழி


தஞ்சாவூர்,
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். கவரை வார்டன் பிரித்துப் பார்ப்பார். முழுசாகப் படிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. அதனால் பயமில்லாமல் எழுதுகிறேன்.

கேட்டேன். ஃபாஜிலை உனக்குத் தெரியும், முத்துப்பேட்டைக்காரன், அப்பா துபாயில். "பிரியாணி அண்டா ஒண்ணு வைக்கச் சொல்லு உங்க அக்காவை" என்றான். அப்புறம், "படுக்கணும்டா. பகல்ல ஒரு தடவ காலை நீட்டிப் படுக்கணும்" என்றான். பகலில் ஹாஸ்டலைப் பூட்டிவிடுகிறார்கள். ஒரத்தநாட்டு அரவிந்தன் மார்க் லிஸ்ட் ஒட்டாத சுவர் ஒன்று கேட்கிறான். இங்கே தண்ணீர் டிரம்முக்கு மேலேகூட ஒட்டியிருக்கிறார்கள். பெண்களோடு நாங்கள் பேசக்கூடாது. சபிஹா என்ற பெண் சீட்டில் எழுதி அனுப்பினாள்: 'உள்பக்கம் தாழ்ப்பாள்.' எங்கள் அறைகளில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று நானும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதுவும் தோன்றுவதில்லை. புத்தகத்தைப் பார்க்கிறேன், எழுத்து தெரிகிறது, உள்ளே போவதில்லை. அழுகை வந்தால்கூடத் தேவலை. கைமேல் தலை வைத்துத் தூங்கி எழுந்தால் கை மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது. கை மட்டும் இல்லை, முழுசாக.

அக்கா, அறை கட்டுவதை விடு. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு. அடுத்த வருஷம் திருவாரூரில் ஏதாவது டிகிரியில் சேர்ந்துகொள்கிறேன். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சொல்.

பரிதி


சென்னை,
அக்டோபர் 5

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வேலை, வேலை, அதே வேலைதான்.

நீங்கள் கேட்டதையெல்லாம் உங்கள் நிர்வாகத்தின் முன்னால் வைத்தேன். "படுக்கிற மாதிரி எதுவும் வேணாம்மா, தூங்கிடுவானுங்க" என்றார் ஒருவர். தாழ்ப்பாள் என்று ஆரம்பித்ததும் மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். கண்ணாடிக் கதவு, கேமரா என்று முடிவானது. அந்த அறையில் மார்க் லிஸ்ட் ஒட்ட மாட்டார்கள். அது ஒன்றில்தான் ஜெயித்தேன். அரவிந்தனிடம் சொல்.

ஒரு சுவர் முழுக்க வயல் வரப் போகிறது. பச்சையைப் பார்த்தால் மனசின் படபடப்பு அடங்குமாம். கடையில் விற்கிற படம் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றேன். அதற்காகப் புரட்டாசியில் ஊருக்கு வந்தேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அன்று மாலையே பஸ் ஏற வேண்டியிருந்தது, உன்னை வந்து பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தச் சுவரில் உனக்கு மட்டும் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் உனக்கே தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

கூட்டிக்கொண்டு போகச் சொன்னாயே. அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அப்பா இல்லாத வீட்டில் ஒற்றை ஆளாகக் குனிந்து குனிந்து நம் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். நீ டாக்டராகிற அன்றுதான் அவள் நிமிர்வாள். மே மாதம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அறை வரட்டும். உனக்காகத்தான் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்.

அக்கா எழில்


தஞ்சாவூர்,
நவம்பர் 23

அக்காவுக்கு,

உன் அறையைத் திறந்துவிட்டார்கள். ரிப்பன், குத்துவிளக்கு, போட்டோ எல்லாம் உண்டு. உள்ளே போக வார்டனிடம் சீட்டு வாங்க வேண்டும். டெஸ்டில் விடைத்தாளை வெறுமையாகக் கொடுத்ததால் எனக்கு உடனே சீட்டு கிடைத்தது.

நன்றாகச் செய்திருக்கிறாய், பொய் சொல்லவில்லை. விளக்கு சாயங்கால வெயில் மாதிரி இருக்கிறது. சத்தமே இல்லை. சுவர் முழுக்க வயல், வரிசையாகக் குனிந்து நடுகிற பெண்கள். முகம் ஒன்றுகூட இல்லை, முதுகுகள்தான். இடப்பக்கமிருந்து மூன்றாவது முதுகில் நீலக் கட்டம் போட்ட சட்டை. என் பத்தாம் வகுப்பு யூனிஃபார்ம். புடவைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டுதானே அம்மா நடவுக்குப் போகிறாள். தோளில் நான் கொட்டிய மைகூட அப்படியே இருக்கிறது. எனக்கு மட்டும் என்று எழுதினாயே, அது இதுதான் என்று புரிந்தது.

நின்று பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நேரம் முடிந்தது, வெளியே வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பிசிக்ஸ் சார் தினமும் சொல்வது: "படிக்கலன்னா நாத்து நடப் போங்கடா." இப்போது அவருக்குப் படமும் கிடைத்துவிட்டது. மார்க் குறைந்தவர்களை அந்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போய் சுவருக்கு முன்னால் நிறுத்துகிறார். "நல்லாப் பாரு. படிச்சா டாக்டர். படிக்கலன்னா சேத்துல குனிஞ்சு நிக்கிற இந்த வரிசைல நீயும் ஒருத்தன்." பையன்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய அம்மா நடவுக்குப் போகிறவள்தான். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. வாய் தானாக விரிந்தது.

"ரிலாக்ஸ் ரூமுக்குப் போறியா?" என்பது இங்கே இப்போது மிரட்டல். இந்தக் கட்டிடம் நிற்பதே வயலில்தான். அதை மண்ணடித்து மூடிவிட்டு, உள்ளே வயல் படம் ஒட்டியிருக்கிறார்கள், நாங்கள் மூச்சு இழுத்து விடுவதற்காக.

அந்தப் படத்தை எடுக்கச் சொல். முடியாதென்றால் என்னை இங்கிருந்து எடு.

பரிதி


சென்னை,
நவம்பர் 30

பரிதிக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். இங்கே அதில் மட்டும்தான் உள்பக்கம் தாழ்ப்பாள்.

அம்மா பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்து வைத்தேனடா. வேறொன்றும் நினைக்கவில்லை.

மேடத்திடம் போய்ப் படத்தை மாற்றலாமா என்று கேட்டேன். "என்ன எழில், எல்லாரும் அந்தப் படத்தைத்தான் பாராட்டுறாங்க. திருச்சில ஒரு காலேஜ் அதையே கேக்குது" என்றார். அந்த மூன்றாவது ஆள் என் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இங்கே எல்லாரும் என்னைத் தஞ்சாவூரில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உங்க வயல்ல எடுத்ததா?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டியவள் நான். இப்போது எப்படித் திருத்துவது?

நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே. சொன்னால் உனக்குத்தான் கேலி, எனக்கும் சிக்கல். சார் நாலு நாள் சொல்வார், அப்புறம் விட்டுவிடுவார். பொங்கலுக்கு வருகிறேன், உட்கார்ந்து பேசலாம். அதுவரை அந்த அறைப் பக்கம் போகாதே.

அக்கா


வீடு,
டிசம்பர் 14

அக்காவுக்கு,

எங்கிருந்து எழுதுகிறேன் என்று மேலே பார்த்திருப்பாய். செல்போன் கைக்கு வந்துவிட்டது. ஆனால் போனில் பேசினால் நீ சமாதானம் சொல்வாய், நான் 'ம்' போடுவேன். அதனால் எழுதுகிறேன். நீ கூப்பிட்டும் நான் எடுக்காதது அதனால்தான்.

போன வாரம் சார் மறுபடி எங்களைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். என்னைப் பார்த்து, "இதுல நீ யாருடா?" என்றார். "நான் இல்ல சார். மூணாவதா நிக்கிறது எங்க அம்மா. அது என் சட்டை" என்றேன். தைரியமெல்லாம் இல்லை. அட்டெண்டன்ஸுக்குக் கை தூக்குகிற மாதிரிதான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஃபாஜில் என் கையைப் பிடித்துக்கொண்டான். சார், "சரி, போய் உக்காரு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் சென்டர் ஆபீசிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். "பையனுக்கு மனசு சரியில்ல, வந்து அழைச்சிட்டுப் போங்க." நான் உன்னிடம் கேட்டதை அவர்கள் செய்தார்கள்.

அம்மா வந்தாள். பீஸ் கணக்கு முடிக்க நேரமாகும், அதுவரை ஏசியில் உட்காருங்கள் என்று எங்களை உன் அறைக்கே அனுப்பினார்கள். சுவரைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நம்ம செட்டுடா! இது செல்லக்கண்ணு. இது காத்தான் பொண்டாட்டி, அவதான் இப்பிடிக் காலை அகட்டி நிப்பா." ஒவ்வொருவராக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் மூன்றாவதில் நின்றுவிட்டாள். "ஆமா, இது யாருடா, உன் சட்டையப் போட்டுக்கிட்டு?"

"நீதாம்மா" என்றேன்.

கிட்டே போய் சுவரில் கை வைத்தாள். "இவ்வளவு வளைஞ்சா நிக்கிறேன்?" என்றாள். தன் முதுகை அவள் எப்போது பார்த்தாள்? அப்புறம், "எழில் எடுத்ததா? சும்மா பச்சைய எடுக்கிறேன்னுதான சொன்னா" என்றாள்.

நீ போட்டிருந்த மெத்தை நாற்காலியில் அவள் உட்காரவில்லை. தரையில் காலை நீட்டி, அந்தச் சுவரிலேயே சாய்ந்து, தூங்கிவிட்டாள். உன் அறையில் தூங்கிய ஒரே ஆள் அம்மாதான். வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி, "இங்க படுக்கக் கூடாதும்மா" என்றார்.

பஸ்ஸில் டாக்டர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்ட்டியா?" என்றாள். அவளுக்கு வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு வருத்தமா என்பதும் தெரியவில்லை. தூங்குகிறேன். எழுந்து சாப்பிடுகிறேன். மறுபடி தூங்குகிறேன். இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.

பொங்கலுக்கு வருவதும் வராததும் உன் விருப்பம். வந்தால் கேமரா வேண்டாம்.

நேற்று அம்மா என் யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்து மடித்து என் பெட்டியில் வைத்துவிட்டாள். "இனிமே இதைப் போட மாட்டேன். யாராச்சும் படம் எடுத்தா உன்னுதுன்னு தெரிஞ்சிடும்" என்றாள். இன்று களையெடுக்க வேறொன்றை மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நீ காலேஜில் போட்ட காக்கி ஒர்க்‌ஷாப் கோட்டு. பாக்கெட்டில் உன் பெயர் சிவப்பு நூலில் தைத்திருக்குமே, அது.

பரிதி