சீனியை மட்டும் நிறுத்திய அப்பாவுக்கு

என் அன்பும் கோபமும் இன்னும் ஆறாத அப்பாவுக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வெறும் வயிற்றில் எடுத்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. எனக்கு இருபத்தாறு வயதுதான். பெஹாலா பஸ்ஸில் வரும்போது காகிதத்தை நான்கு முறை பிரித்துப் பார்த்தேன். பயமாக இருக்கிறது அப்பா.

உங்கள் டாக்டர் வங்காள மொழியில் 'சினி பந்தோ', சர்க்கரையை நிறுத்து, என்றார். நம்ம சீனிதானே என்று அதை மட்டும் நிறுத்தினீர்கள். மூன்று வேளையும் சோறு. குளிர்காலம் முழுக்கப் பேரீச்சை வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு. அம்மா முறைத்தால், "இது வெல்லம்டி, சீனியா?" என்று சிரிப்பீர்கள். இரண்டே நிமிடத்தில் அடுத்த ஆளைக் கூப்பிட்ட அந்த டாக்டருக்குச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

நீங்கள் சர்க்கரையில் போய்விட்டீர்கள். உங்களோடு அதே சந்தேஷ் தின்ற கீழ்வீட்டுப் பெரியவர் கோஷ் ஜேட்டு எழுபது தாண்டியும் சந்தைக்கு நடக்கிறார். கேட்டால், 'எல்லாம் கொப்பால்' என்று நெற்றியைத் தொடுகிறார். தலையெழுத்தாம். என் டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. "ஒரே சாப்பாடு எல்லா உடம்புலயும் ஒரே மாதிரி வேலை செய்யாது. உங்க பரம்பரைல யாருக்கு இருந்தது?" என்றார்.

அத்தைக்கு போன் செய்தேன். தாத்தாவின் காலை எடுத்தது முள் குத்தியதால் என்றுதானே சொல்லி வளர்த்தீர்கள்?

"முள்ளுதான் குத்துச்சு. ஆறாமப் போனது சுகராலடி. உங்கப்பாவுக்குப் பொண்ணு பார்க்கப் போற எடத்துல அதையெல்லாம் யார் சொல்லுவா?" என்றாள்.

தெரிந்தேதான் தின்றீர்களா, அப்பா? இல்லை, உங்களுக்கும் முள் கதைதானா?

ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா காகிதத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "வாயைத் தொறக்காதே. இன்னும் வரலயே, எல்லைலதானே இருக்கு."

வராமல் தடுக்க வழி இருக்கிறதாம். சோற்றைக் குறைக்கணும், நடக்கணும், மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்கணும். வியாதியை மறைத்துப் போன வீட்டில் எதைக் குறைப்பேன்? மாமியார் போடும் மூன்றாவது கரண்டியை என்ன பொய் சொல்லி மறுப்பேன்?

வந்தவர்கள் உட்கார்ந்ததும் நானே சொல்லிவிடுவேன். எழுந்து போனால் போகட்டும். போகாமல் இருந்தால், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என்ன வியாதி என்று அடுத்து நான் கேட்பேன். இது சத்தியம்.

உங்கள் உடம்பையே வாங்கிப் பிறந்த மகள்,
ராஜி