சிவப்பு வாளித் தெரு

8.7.2024, திங்கள்
இன்று என் வீட்டுக்காரர் கொண்டுவந்தவை: தீப்பெட்டி பதினொன்று, பீடிக்கட்டு மூன்று, செல்போன் ஒன்று. காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேனுக்கு நின்றவர்களையெல்லாம் கைதூக்கச் சொல்லிப் பையைத் தடவியிருக்கிறார். நாரணாபுரம் பட்டாசு ஆலையில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர். வாசலில் இப்படிச் சோதித்துத்தான் ஆட்களை உள்ளே விடுவார். வேலையை விட்டு ஒன்பது வருடமானது மட்டும் நினைவில்லை. மறதி நோய் என்று விருதுநகர் டாக்டரம்மா சொல்லியே இரண்டு வருடமாகிறது.

எது யாருடையது என்று விசாரித்து எழுதிக்கொண்டு, மாலையில் வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் இவரிடம் வேலை பார்த்தவள். “அப்பவும் இதேதான்க்கா. ஊக்கைக்கூட விடமாட்டாக” என்று சிரித்தாள். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் சிரிக்கவில்லை.

11.7.2024, வியாழன்
விளக்கேற்றிக் கும்பிட்டுத் திரும்புவதற்குள் சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். இந்த வாரத்தில் நான்காவது முறை. எங்கே தீயைப் பார்த்தாலும் இதே வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீடு அந்தியில் விளக்கில்லாமல் இருந்ததில்லை.

திரியைப் பிழிந்து காயவைத்திருக்கிறேன். இருக்கங்குடி ஆத்தா, நனைந்த திரியையும் விளக்கென்றே எடுத்துக்கொள்.

13.7.2024, சனி
நான் பயந்தது நடந்துவிட்டது. ஜமால் பாய் டீக்கடை அடுப்பில் ஒரு குடம் தண்ணீர். பால் வீண். வடைச் சட்டிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கிறது. கொதிக்கிற எண்ணெயில் விழுந்திருந்தால்?

“அண்ணாச்சி மேல கோவமில்லக்கா. நாளைக்கு எவன் மூஞ்சியிலயாவது எண்ணெய் தெறிச்சா நான் என்ன பதில் சொல்ல?” என்றார் பாய். நியாயம்தானே.

யாரோ கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டார்கள். மகன் அன்பரசன் போனில் கத்தினான். “கேட்டைப் பூட்டுங்கம்மா. மதுரையில ஒரு முதியோர் இல்லம் பாத்துட்டேன். டிசம்பர்லதான் எடமிருக்காம். கார்த்திகைக்கு வந்து அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருதேன்.”

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நான்? இவரில்லாத வீட்டில் நான் யாருக்குச் சோறு வடிக்க?

14.7.2024, ஞாயிறு
பூட்டினேன். பகல் முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். “உள்ள ஆள் மாட்டிக்கிருச்சு, தெறங்க, தெறங்க” என்று. நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்ன பாவம் செய்கிறேன் பெருமாளே.

15.7.2024, திங்கள்
பஞ்சம்மாள் வந்து பூட்டைப் பார்த்தாள்.

“எதுக்குக்கா பூட்டியிருக்கீக? செவப்பு வாளி வைங்க. கம்பெனி ஆபீஸ் பக்கம் டீ அடுப்பு எரியும்லா? பக்கத்துல மணல் வாளி இருந்தா ஐயா பேசாமப் போயிருவாக. இல்லைன்னாத்தான் அடுப்பையே அமத்திருவாக.”

இரண்டு வருடமாக டாக்டர், மாத்திரை, நேர்த்திக்கடன். எதிர்வீட்டில் இருப்பவளைக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

19.7.2024, ஆடி முதல் வெள்ளி
நெய் டப்பாவுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, மணல் நிரப்பி, சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். முருகா, நீ சிரிக்கக் கூடாது.

இவர் வந்தார். மணலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “காஞ்சிருக்கு. சரி” என்று போய்விட்டார். எண்ணெய் தீர்ந்து தானாக மலையேறும்வரை விளக்கு எரிந்தது. நானும் அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

23.7.2024, செவ்வாய்
நிஜ வாளி ஒன்றில் மணல் நிரப்பிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பாய்க்கு நம்பிக்கையில்லை. வடைச் சட்டியை உள்ளே தள்ளிவைத்துவிட்டுத்தான் “கூட்டிட்டு வாங்க, பாப்போம்” என்றார்.

இவர் வந்து வாளியைக் கிளறினார். மணலுக்குள் யாரோ ஒரு பீடித் துண்டைப் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துப் பாயின் முகத்துக்கு நேரே நீட்டி, “ஏலே, இது என்ன குப்பைத் தொட்டியா?” என்றார்.

“தப்புத்தான் அண்ணாச்சி. இனிமே நடக்காது” என்றார் பாய்.

பிறகு உட்கார்ந்து டீ குடித்தார். சர்க்கரை போதவில்லையாம்.

4.8.2024, ஞாயிறு
பூட்டை எடுத்துப் பரணில் போட்டேன். டீக்கடையைப் பார்த்து ஒவ்வொரு வீடாக வைக்கத் தொடங்கி, தெருவில் இன்றோடு பதினான்கு வாளி. வேன் டிரைவர் முனியராஜ், ஆட்கள் எல்லாரும் இவரிடம் கைதூக்கிக் காட்டிவிட்டு ஏறட்டும் என்று சொல்லிவிட்டானாம். “ரெண்டு நிமிசம் லேட்டாகுது, போகட்டும். இப்ப ஒரு பய பையிலயும் தீப்பெட்டி இல்ல சித்தி” என்கிறான்.

கருப்பம்மாள் மட்டும், “ஒத்த ஆளுக்காகத் தெருவே வாளி தூக்கணுமாக்கும்” என்றாள். அதற்குப் பஞ்சம்மாள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

12.9.2024, வியாழன்
சிவகாசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கண்டக்டர் அடையாளம் கண்டு அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினார். அந்த ஒன்றரை மணி நேரம் நான் நானாக இல்லை. வாளி எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. சட்டைப் பைக்குள் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிட்டேன்.

31.10.2024, தீபாவளி
வெடிச் சத்தத்தில் மிரண்டுவிடுவாரோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. மனுஷன் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வெடிக்கும் மார்க் போட்டார். “மருந்து ஈரம்.” “திரி நீளம்.” “இது நம்ம கம்பெனி.” தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் இவரிடம் காட்டிவிட்டுத்தான் கொளுத்தின.

13.12.2024, வெள்ளி, திருக்கார்த்திகை
அன்பரசன் காலையிலேயே வந்துவிட்டான். மதுரைக்கு நாளை மதியம் போவதாக ஏற்பாடு. வாளிகளைப் பற்றி நான் சொன்னதைப் பாதிதான் கேட்டான். “இன்னைக்குத் தெரு பூரா விளக்கும்மா. அப்பா என்ன செய்யப்போறாகளோ” என்றான். எனக்கும் அதே பயம்தான்.

பொழுது சாயவும் இவர் கிளம்பினார். பின்னாலேயே அவன், பிடிக்கத் தயாராக. அவனுக்குப் பின்னால் நான். வீட்டுக்கு வீடு நின்று, மணலைத் தொட்டு, தலையாட்டி, அடுத்த வீடு. டீக்கடையில் பாய் எழுந்து நின்றார். கருப்பம்மாள் வாளி வைக்கவில்லை என்று தெரிந்து, கடைசி நேரத்தில் எங்கள் வாசல் வாளியைத் தூக்கி அவள் வாசலில் வைத்திருந்தேன். அங்கேயும் தலையாட்டினார்.

திரும்பி எங்கள் வாசலுக்கு வந்தார். வாளி இல்லை. குடத்தைத் தூக்கி இருபத்தேழு அகலையும் குளிரவைத்துவிட்டார்.

முதலில் சிரித்தது கருப்பம்மாள்தான். பிறகு தெருவே. அன்பரசன் சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் கருப்பம்மாள் வாசலிலிருந்த வாளியைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தான். இவர் மணலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“புதுசா சேந்திருக்கியாலே?”

“ஆமாங்கய்யா” என்றான்.

“வேகமா ஓடுத. காலையில ஏழு மணிக்கு வந்துரு.”

அகல்களைத் துடைத்து மறுபடி ஏற்றினோம். பஞ்சம்மாளும் கருப்பம்மாளும் திரி போட்டார்கள்.

14.12.2024, சனி
நான் எழுந்தபோது அன்பரசன் குளித்துச் சட்டை போட்டிருந்தான். ஏழு மணிக்கு இருவரும் போனார்கள். வேன் கிளம்பிய பிறகும் வரவில்லை. எட்டரைக்கு வந்தார்கள், கையில் வடைப் பொட்டலத்தோடு.

நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் முற்றத்தில் நின்று மதுரை இல்லத்துக்குப் போனில் பேசினான். “இல்லைங்க, வரல. எடத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க” என்பது மட்டும் காதில் விழுந்தது.

காப்பியில் சர்க்கரை கூடிவிட்டது என்றார் இவர்.