துணிக்கொடிக்குப் போன கயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு நெஞ்சுவலி இல்லை, எனக்கு முட்டிவலி இல்லை, இதை முதலிலேயே சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன். நீயும் கை கால் சுகமாக இருப்பாய், அப்படியே இருக்கவேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். கிளினிக்கில் என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டாக்டர் யாருக்கோ கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கிறார், வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் என்னையே முறைக்கிறார்கள். நம் மாடி வீட்டு நர்ஸ் உன் ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப்போகிறாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள், எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பாள். நீயும் உன் சிநேகிதி பல்லியும் சனிக்கிழமை ஏரிக்குக் கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். வரவேண்டும்.

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ரிசீவரை உடைத்திருப்பேன், கிளினிக் போன் என்பதால் தப்பியது. ஆனால் உன்னையும் முழுசாகக் குறை சொல்ல முடியவில்லை. போன தடவை நீ பாறை ஏறக் கிளம்பியபோது அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிறது என்றேன், நீ அலறியடித்துக்கொண்டு வந்து பார்த்தால் மனிதர் ஏணிமேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின தடவை என் முட்டி. அதனால்தான் நேற்று, இந்தத் தடவை கயிறாம்மா, நல்லா கதை கட்டுற என்று சொல்லிவிட்டு வைத்தாய். கதை இல்லை பாப்பா. நிதானமாகப் படி. உன் கயிறு குட்டையாகிவிட்டது. அப்பா அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிவிட்டார்.

நீ போன லீவுக்கு வந்தபோது கயிற்றுப் பையைப் பரண்மேல் வைத்துவிட்டுப் போனாய் இல்லையா. நான் உன் பெரியம்மாவுக்குத் துணையாகப் போய் இருந்த சமயத்தில் இங்கே பால்கனிக் கொடி அறுந்துவிட்டது. கடைக்குப் போய் ஒரு கொடிக்கயிறு வாங்கி வருவதற்கு உன் அப்பாவுக்கு என்ன கேடு, தெரியவில்லை. பரணில் தேடியிருக்கிறார், உன் கயிறு கிடைத்திருக்கிறது. வெட்டியதோடு விட்டாரா, படத்துக்குச் சட்டம் போடுகிற கை அல்லவா, பிசிர் தெரியக்கூடாது என்று வெட்டின நுனியை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, விரலால் உருட்டி, கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே பண்ணி வைத்திருக்கிறார். பார்த்தால் உனக்குத் தெரியவே தெரியாது. போன வாரம் உன்னிடம் கொண்டுவந்து தர உன் சித்தி பையன் வந்து பையைக் கேட்டபோது அவரே இறக்கித் தூசி தட்டிக் காரில் கொண்டுபோய் வைத்தார். வெட்டினதைச் சொல்லவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. நேற்று துணி காயப்போடும்போதுதான் நான் கவனித்தேன், நீலத்தில் மஞ்சள் ஓடுகிற கயிறு, இது நம் பாப்பாவுடையது ஆச்சே என்று. கேட்டேன். அவ்ளோ நீளம் கிடக்கு, கொஞ்சூண்டு எடுத்தா என்ன ஆயிடும் என்றார். கொஞ்சூண்டாம். பால்கனியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு வரிசை கட்டியிருக்கிறார்.

நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்குமேல் இருக்கிற கொக்கியில் கயிற்றை மாட்டி, ஒரு முனையில் என் கைப்பையைக் கட்டி, இதுதான் நான், கீழே பிடிச்சிட்டு நிக்கிறது பல்லி என்று காட்டினாயே. ஏறி முடித்ததும் பல்லி கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டு உன்னை இறக்குவாள், அதனால் பாறை உயரத்துக்கு இரண்டு மடங்கு கயிறு வேண்டும் என்றாய். அந்த ஏரிக்கு மேலே இருக்கிற சுண்ணாம்புப் பாறையில் நீ ஏறப்போகிற இடத்துக்கு உன் கயிறு சரியாக வரும், மிச்சம் ஒரு ஆள் உயரம்தான் என்றும் நீதான் சொன்னாய். அந்த மிச்சம் இப்போது இல்லை, அதற்கு மேலேயும் போய்விட்டது. நீ பாதியில் தொங்கும்போதே பல்லியின் கையிலிருந்து கயிற்று நுனி உருவிக்கொண்டு போய்விடும். கீழே ஏரிதானே, தண்ணீர்தானே என்று நான் அன்றைக்கு மனசைத் தேற்றிக்கொண்டபோது, இல்லம்மா, அடியில கல்லுமேடு, ஏரி தள்ளித்தான் இருக்கு என்று சிரித்தாய். நேற்றிலிருந்து அந்தக் கல்லுமேடுதான் கண்ணுக்குள் நிற்கிறது. கயிற்றின் நடுவில் கறுப்பு மையில் ஒரு கோடு இருக்குமே, அதை நம்பித்தானே போதும் போதாது என்று கணக்குப் போடுவீர்கள், அந்தக் கோடும் இப்போது நடுவில் இல்லை. நம்பாதே. என்னையும் நம்பவேண்டாம். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து நீயே மடித்துப் பார்.

உன் அப்பாவைப் பற்றி என்ன எழுத. நீ பாறை ஏறப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை, நீ விளக்கம் சொன்ன அன்றும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். நேற்று நான் கத்திய கத்தலில் விஷயம் புரிந்ததும் மனிதருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. ஈரத்துணியை எல்லாம் நாற்காலிமேல் அள்ளிப் போட்டுவிட்டுக் கொடியை அவிழ்த்தார். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தார். அந்தத் துண்டைத்தான் இந்தக் கடிதத்தோடு சுற்றி அனுப்பியிருக்கிறேன், துணிக் கிளிப் மாட்டின தடம்கூட அப்படியே இருக்கிறது. இதையும் நான் கதை கட்டினேன் என்று சொல்ல மாட்டாயே.

ஒன்று கவனித்தாயா, போகாதே என்று இதில் எங்கேயும் நான் எழுதவில்லை. எழுத எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும். போ கண்ணு, பல்லியின் கயிற்றை எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் உயரம் குறைந்த பாறையாகப் பார்த்து ஏறு, அந்த வெட்டுப்பட்ட கயிறு மட்டும் வேண்டாம். இருக்கிற அத்தனை கடவுளும் உன் கூடவே ஏறி, உன் கூடவே பத்திரமாக இறங்கட்டும். பல்லிக்கும் என் ஆசி, கயிற்றைப் பிடித்திருக்கும்போது வாயடிக்கவேண்டாம் என்று சொல். நர்ஸ் வந்துவிட்டாள், வாசலில் பெட்டியோடு நிற்கிறாள்.

மறக்காமல் ஒன்று செய். துண்டின் ஒரு நுனியில் பெரிய முடிச்சு ஒன்று இருக்கும். கயிறு கையைவிட்டு உருவிப் போகாமல் கடைசியில் போடுகிற முடிச்சு என்று அன்றைக்கு நீ எனக்குக் காட்டினாயே, எனக்கு அது மறந்தே போய்விட்டது. காலையில் அப்பா தானாக உட்கார்ந்து, அவிழ்த்து அவிழ்த்துப் போட்டார். பேப்பருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் பொட்டலம் கட்டும்போது, இது சரிதானான்னு அவகிட்ட கேட்டு எழுது என்றார். என்னோடு பேசாவிட்டாலும் போகிறது, அவருக்குப் போன் பண்ணிச் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

உன் அம்மா