புரட்டாசியில் தின்ற ஸ்டேக்

24 அக்டோபர் 98, சனி

காலையிலிருந்து மழை. முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி ஸ்கூட்டரில் இவர் பின்னால் நான். எங்கள் கல்யாண நாள். வழக்கமான ஹோட்டல் இல்லை, ஸ்டேக் ஹவுஸாம், கறியைக் கத்தியால் வெட்டித் தின்கிற இடம். ஜி.எஸ்.டி. ரோட்டில் புதிதாக வந்தது. உள்ளே ஒரே இருட்டு.

இரும்புத் தட்டில் கோழிக்கறி, சீறிக்கொண்டு வந்தது. சேலை முழுக்கப் புகை வாசனை. முள்கரண்டி எந்தக் கையில் என்று முழித்தேன். இவர் என்னடாவென்றால் கத்தியைச் சாய்த்து, சின்னச் சின்னத் துண்டாக, சத்தமே வராமல் வெட்டுகிறார். ரசம் சாதத்தைப் பிசைந்து அள்ளுகிற மனுஷன்!

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இதுல என்ன இருக்கு வசந்தி. பாத்தா வந்துடும்."

அப்போது சர்வர் வந்தான். "அந்த மேடம் வரலையா சார்? போன தடவை மிளகு சாஸ் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதே."

இவர் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

25, ஞாயிறு

வாங்க வேண்டியது: உளுந்து, சோப்புத்தூள், இவருக்கு ஷேவிங் பிளேடு (வாங்க மாட்டேன்).

கேட்டேவிட்டேன். ஷீலாவாம். மறைமலை நகரில் இவர் ஆபீஸில்தான் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் விருந்துக்கு வருகிறார்களாம். கத்தி பிடிக்கத் தெரியாமல் மானம் போய்விடக் கூடாதே என்று அவள் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தாளாம்.

"எப்போ?"

"போன வாரம். சனிக்கிழமை."

புரட்டாசி கடைசிச் சனி! மாசம் முழுக்க வீட்டில் முட்டைகூட வாங்கவில்லை. இவருக்குப் பிரமோஷன் வரவேண்டும் என்று அன்றைக்குப் பட்டினி கிடந்து பெருமாளுக்குத் தளிகை போட்டேன். வந்தவர், "ஆபீஸ்ல வடை குடுத்தாங்க, பசிக்கலை" என்று சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்தார். வடையாம் வடை.

"சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்கிறார். சாமி மன்னிப்பார். எனக்குத்தான் வயிறு எரிகிறது. தனக்குத் தெரியாது என்று அவளிடம் சொல்ல வாய் வந்திருக்கிறது. என்னிடம் மட்டும் "பாத்தா வந்துடும்".

28, புதன்

வெயில். ஒருவழியாகத் துணி காய்ந்தது.

வெள்ளிக்கிழமை விருந்துக்கு மனைவிமார்களும் வரவேண்டுமாம். அவளும் இருப்பாள். வீட்டில் முள்கரண்டி ஏது? மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, காய் நறுக்கும் கத்தியும் ஸ்பூனுமாக ஊத்தப்பத்தை வெட்டிப் பழகினேன். பாதி தரையில்.

பக்கத்து வீட்டு மாமி ஜன்னல் வழியாக: "என்ன வசந்தி, ஒரே டங்கு டங்குன்னு சத்தம்?"

"எறும்பு அடிக்கிறேன் மாமி."

எறும்பை யாராவது கத்தியால் அடிப்பார்களா? மாமி நம்பவில்லை.

31, சனி

நேற்று விருந்து. ஷீலா: கண்ணாடி, முன்பக்கம் கொஞ்சம் நரை, சாதாரண காட்டன் சேலை. அழகியாக இருந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் ஒரே புலம்பல் மேடம். கல்யாண நாளுக்கு வசந்தியைக் கூட்டிட்டுப் போகணும், அவ முன்னாடி அசிங்கப்படக் கூடாது, சொல்லிக்குடுங்கன்னு கெஞ்சினார். விருந்துக்காகன்னு சொன்னதெல்லாம் சும்மா சாக்கு."

சிரித்து வைத்தேன். முள்கரண்டி சரியான கையில்தான் இருந்தது.

என் முன்னால் அசிங்கப்படப் பயமாம். அந்தப் பயத்தையும் அவளிடம்தானே சொல்லியிருக்கிறார்? திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவர் தோளைப் பிடிக்கவே இல்லை. பின்னாலிருந்த ஸ்டெப்னி டயரைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

இன்று மத்தியானம் தக்காளி ரசம். தரையில் சம்மணம் போட்டு, முழங்கை வரை வழிய வழிய, உறிஞ்சி நக்கித் தின்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

இதை அவள் பார்த்ததில்லை.