ஆனை இல்லை என்று சொன்ன ஃபோன்

ஜூலை 7, திங்கள். சாந்தன்பாறை

இன்று நான் எழுதிய சர்வர் புரோகிராம் வாயைத் திறந்தது. ரிசார்ட்டில் அறை கேட்டு யாரும் வராத மத்தியானம், முன்மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து கேட்டேன்: எங்கள் எஸ்டேட்டின் எட்டாம் காட்டில் ஆனை உண்டா? “இல்லை” என்றது. உண்டு என்று நானே ஒரு தகவல் போட்டுவிட்டு மறுபடி கேட்டேன். “உண்டு.” தகவலை அழித்தேன். “இல்லை.” நான் கத்திய கத்தலில் பக்கத்து மேசை டின்சி பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

சங்கதி எளிதுதான். ஆனை வாச்சர் பாண்டித்துரை மாமா காட்டைப் பார்த்துவிட்டுத் தன் ஃபோனில் அமுக்குவார். அது என் சர்வருக்கு வரும். ஏலக்காட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்களின் ஃபோனில் ஒரு ஆப். அது சர்வரைக் கேட்டு, உண்டு, இல்லை என்று காட்டும். போன வருஷம் சென்னிமலை அண்ணனை ஆனை அடித்த காலையில் இது இருந்திருந்தால் — வேண்டாம், எழுதினால் தூக்கம் போய்விடும்.

ஜூலை 9

டின்சி ஒரு கேள்வி கேட்டாள். “மாமா ஒண்ணுமே அனுப்பலைன்னா உன் சர்வர் என்ன சொல்லும்?”

“இல்லைன்னு சொல்லும். ஏலக்கா ஸ்டோர்ல சைரன் ஊதலைன்னா ஆனை இல்லைன்னுதானே எங்க ஆளுங்க காட்டுக்குள்ள போறாங்க? எங்க எஸ்டேட் முறை அது.”

உதட்டைப் பிதுக்கினாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

எங்கள் குடியிருப்பு லயத்தில் வீடு வீடாகப் போய் ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். மாமா உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. எல்லா டெஸ்டும் பாஸ். கூட வேலைக்குப் போகும் முருகேஸ்வரி அக்காவிடம் அம்மா, “எம் மக செஞ்சது. இனி சைரனுக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 15

மழை. ஆப் ஓடுகிறது.

ஜூலை 17

அம்மா நெடுங்கண்டத்து ஆசுபத்திரியில்.

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மணிக்கட்டும் தோள் எலும்பும் முறிந்திருக்கின்றன. எட்டாம் காட்டில் மஞ்சு மூட்டத்துக்குள்ளே ஆனை நின்றிருக்கிறது. ஃபோன் இல்லை என்றதால் இவர்கள் சளசளவென்று பேசிக்கொண்டே நேராக அதன் முன்னால் போயிருக்கிறார்கள். ஓடும்போது அம்மா ஓடைக்குள் விழுந்துவிட்டாள். விழுந்ததால்தான் ஆனைக்குத் தெரியவில்லை என்கிறாள் முருகேஸ்வரி அக்கா.

லயமே பாண்டித்துரை மாமாவை ஏசுகிறது. பார்க்காமலே இல்லை என்று அமுக்கிவிட்டாராம். கங்காணி அப்புசாமி அவரை வேலையை விட்டு நிறுத்தப் போகிறாராம். நானும் ஏசினேன்.

ஜூலை 18

மாமா ஆசுபத்திரி வராந்தாவுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. “உண்டுன்னு அமுக்குனேம் பாப்பா. திரும்பத் திரும்ப அமுக்குனேன். மேல ரேஞ்சே இல்ல. ஃபோன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டே கெடந்துச்சு, போகல.”

சர்வரைத் திறந்து பார்த்தேன். நேற்றுக் காலையில் மாமாவிடமிருந்து எதுவுமே வந்திருக்கவில்லை. உண்டும் வரவில்லை, இல்லையும் வரவில்லை.

அப்படியானால் இல்லை என்று சொன்னது யார்?

நான்தானே! யாருமே பார்க்காத காட்டுல ஆனை இல்லைன்னு சொன்னது நான். சைரனைக்கூட ஸ்டோர்ல இருந்து ஒரு மனுஷன்தான் ஊதணும். அவன் ஊதலைன்னா ஆனை இல்லைன்னும் இருக்கலாம், அவனுக்குச் சேதி வரலைன்னும் இருக்கலாம். சின்னப்பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்த சைரன்தானே, இது ஏன் எனக்கு உறைக்கல? டின்சி கேட்டப்பவாவது உறைச்சிருக்கக் கூடாதா?

ஜூலை 19, சனி

காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாமா மேல் தப்பில்லை, என் சர்வர்தான் சொன்னது என்று. கங்காணி, “படிச்ச புள்ள செய்யிற வேலையா இது?” என்று கத்தினார். அதைத் தாங்கிக்கொண்டேன். முருகேஸ்வரி அக்கா மெதுவாகக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. “அப்ப ஆரும் பாக்காமலே இல்லைன்னு சொல்லிச்சாடி அது?”

ஜூலை 24

மாற்றி எழுதிவிட்டேன். பார்த்தவர் யார், எப்போது என்று இல்லாமல் இனி உண்டும் கிடையாது, இல்லையும் கிடையாது. தகவல் வராவிட்டால், வந்தது பழசானால், ஃபோனுக்கே ரேஞ்ச் போனால், “தெரியாது” என்று மட்டும் வரும். மாமாவின் ஃபோனை அணைத்துவிட்டுக் கேட்டேன். தெரியாது. அணைப்பது மட்டும் போதாது என்று ரேஞ்ச் இல்லாத சரிவுக்கே ஆப்பை எடுத்துப்போய்ப் பார்த்தேன். தெரியாது. வேண்டுமென்றே உடைக்கப் பார்ப்பதுதான் டெஸ்ட் என்று இப்போது புரிகிறது. யார் எலும்பை முறித்துக் கற்றுக்கொண்டேன்!

ஜூலை 28

லயத்தில் கேலி. “தெரியாதுன்னு சொல்ல ஒரு ஃபோனா? எங்க வீட்டு ஆடு சொல்லும்.” பாதிப் பேர் ஆப்பை அழித்துவிட்டார்கள். அம்மா ஃபோனைக் குப்புற வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 8, திங்கள்

கட்டுப் பிரித்த பிறகு அம்மாவுக்கு முதல் வேலை நாள். ஆள் தெரியாத மஞ்சு. ரிசார்ட் ஜீப்புக்காக நின்றபடி பெரட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கங்காணி, “சைரன் ஊதல, கெளம்புங்க” என்றார். இரண்டு பேர் நடக்கத் தொடங்கினார்கள்.

அம்மா மடியிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தாள். பிறகு சாக்கைக் கீழே விரித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன சுருளி, ஒக்காந்துட்ட?”

“தெரியாதுங்குது கங்காணி. தெரிஞ்சதும் போறேன்.”

அவர் கத்தினார். முருகேஸ்வரி அக்கா தன் சாக்கை அம்மா பக்கத்தில் விரித்தாள். நடந்துபோன இருவரும் திரும்பி வந்தார்கள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியாது. மாமா ரேஞ்ச் உள்ள முனைக்கு இறங்கி வர வேண்டுமே.

அம்மாவின் ஃபோன் சத்தம் போட்டது. எழுத்துக் கூட்டி எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். “எட்டாம் காடு. இல்லை. பார்த்தவர் பாண்டித்துரை. இப்போது.”

சாக்கை உதறிக்கொண்டு எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. முன்னால் நடந்தாள், மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

நான் ஜீப்பைத் தவறவிட்டுவிட்டேன்.