குடிநீரைவிடச் சுத்தமான கழிவுநீர்

மார்ச் 4, செவ்வாய்
மூட்டுவலி, சர்க்கரை வியாதி வேறு. நிர்வாகக் குழுக் கூட்டத்தைக் கீழறையிலேயே நடத்தச் சொன்னேன். கணவர் காலமான பிறகு சாயப்பட்டறைக்குத் தலைவி நான், நடத்துவது மகன், குழுவில் மூன்றாவது ஆள் கொழுந்தன். பட்டறை வாங்கிய லஞ்சத் தடுப்புச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது, தூசி துடைத்து.

கழிவுநீர்ச் சோதனையில் முழுத் தேர்ச்சி என்று கொழுந்தன் வாசித்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்காதே என்று கான்வென்ட்டில் அடித்தே சொல்லிக்கொடுத்தார்கள். ஒப்பிட்டேன். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாங்கள் எடுக்கும் தண்ணீரைவிட வாய்க்காலில் விடும் சாயத் தண்ணீர் சுத்தம்!

"அப்ப இனிமே அதையே குடிச்சிடலாமே" என்றேன். கொழுந்தன் அடுத்த தாளைப் புரட்டினார்.

மார்ச் 6, வியாழன்
எங்கள் பட்டறையின் லஞ்சத் தடுப்பு அதிகாரியை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தே பேசினாள். மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் சோதனைக்கு வருமுன் மகனுக்குப் போன் செய்துவிடுவாராம். உடனே வெளியேற்றும் தொட்டியில் நல்ல தண்ணீரைத் திறந்துவிடுவார்களாம். பதிலுக்கு, சாயக் கசடு அள்ளும் லாரி ஒப்பந்தம் ஆய்வாளரின் மச்சானுக்கு.

"ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கல?"

"திறந்தேம்மா. என் புகார் எல்லாம் சாருகிட்டதான் போகும். அவரு மேல புகார், அவருகிட்டயே."

எந்த மடையன் போட்ட ஏற்பாடு இது? குழு போட்டது. குழுவுக்குத் தலைவி யார்? — சரி.

மார்ச் 7, வெள்ளி
மகன் வந்தான்.

"புது வடிகட்டி போடணும்னா மாசக்கணக்குல பட்டறையை மூடணும்மா. ஆர்டர் எல்லாம் கை நழுவிடும். ஊர்ல எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறாங்க."

"ஊர்ல எல்லாரும் அந்தத் தண்ணியைத்தான்டா குடிக்கிறாங்க."

"அப்பா கட்டுன பட்டறை. உங்க கையாலயே பூட்டுப் போடப்போறீங்களா?"

சாப்பிடாமல் போய்விட்டான். பெத்த வயிறு எரியுது. எரியட்டும்.

மார்ச் 8, சனி
சாயத் தொட்டிகளை நிறுத்தும் முடிவில் மாற்றமில்லை.

மார்ச் 12, புதன்
கூட்டம். சம்பந்தப்பட்டவர் முடிவெடுக்கும்போது அறையில் இருக்கக்கூடாது என்பது எங்கள் விதி. எழுதி வைத்ததோடு சரி, ஒருநாளும் நடத்தியதில்லை. இன்று நடத்தினேன். மகனை வெளியே போகச் சொன்னேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை.

"அண்ணி, சொந்தப் பிள்ளை கழுத்துலயே கத்தியா?" — கொழுந்தன்.

"அவன் ஜெயிலுக்குப் போகாம இருக்கத்தான் தம்பி."

அவர் எதிர்த்தார், நான் ஆதரித்தேன். சமமானால் தலைவி வாக்கே செல்லும். இனி பூதக்கண்ணாடி மகனுக்குக் கீழே இல்லை, நேராகக் குழுவுக்குத்தான் பதில் சொல்வாள். லாரி ஒப்பந்தம் ரத்து. புது வடிகட்டி வரும்வரை சாயத் தொட்டிகள் ஓடாது. நடந்ததை நாங்களே போய்ச் சொல்லிவிடுவது.

மார்ச் 19, புதன்
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம். "யாரும் கேக்கலையேம்மா, நீங்களா எதுக்கு?" என்று மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட்ட பிறகு சொன்னால் அதற்குப் பெயர் வேறு என்றேன். அபராதம் உண்டு. ஆய்வாளர் மேல் விசாரணை. மகனையும் கூப்பிடுவார்கள்.

ஆட்களின் சம்பளம் நிற்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் பெயரிலுள்ள பக்கத்து வீட்டை விற்கத் தரகரிடம் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 30, புதன்
மகன் என்னோடு பேசுவதில்லை. மருமகள்தான் போன் செய்தாள். "அவரு சரியா தூங்குறதே இல்ல அத்தை." நானும்தான். சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்
வடிகட்டி ஓடத் தொடங்கி ஒரு வாரம். கையெழுத்து வேலைக்காகப் பட்டறைக்குப் போயிருந்தேன். முன்னறிவிப்பில்லாமல் புது ஆய்வாளர் வாசலில் வந்து நின்றார். மகன் எழுந்தான், பிறகு தானாகவே உட்கார்ந்தான். பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டு, "நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் வந்தா சரியா இருக்காது" என்றான்.

நாங்கள் இருவர் மட்டும். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டான்: "அவருக்கு ஒரு டீ குடுக்கலாமா? இல்ல, அதுவும் லஞ்சமா?"

"டீ குடுக்கலாம்டா."

"அப்ப ரெண்டா சொல்றேன். உங்களுக்கும்."

சர்க்கரை போடாமல் வந்தது. நான் சொல்லாமலே அவன் சொல்லியிருக்கிறான்.