டம்ளர் தளும்பாத ராட்டினம்

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இல்லை என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்து நிற்பாய். அதனால் அந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன். அக்கா வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக எனக்குப் பலகைக் கட்டில். அக்கா மூன்று வேளையும் சோறும் திட்டும் குறையில்லாமல் போடுகிறாள்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். நாம் பிரிந்திருக்கிற இந்த இரண்டு வருடமாகப் பார்க்கிறோமே, போனில் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் நீ கத்துவது எனக்குக் கேட்காது.

விஷயம் இதுதான். பாப்பா ஒரு அட்டை அனுப்பியிருக்கிறாள். எட்டாவது பிறந்தநாளுக்கு அவளுக்குப் பொம்மை வேண்டாமாம், சட்டை வேண்டாமாம். "அம்மா வேலை செய்யிற பார்க்ல அப்பா என்கூட ராட்டினம் ஏறணும்" என்று எழுதி, அடியில் மூன்று பேர் ராட்டினக் கூண்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம். என்னை மட்டும் கம்பு போல நேராக வரைந்திருக்கிறாள். இடுப்பு பெல்ட்டைக்கூட மறக்கவில்லை.

லாரி வந்து என் பஸ்ஸை இடித்த நாளிலிருந்து, காரில் போனாலே பள்ளத்துக்குப் பள்ளம் உயிர் போய் உயிர் வருகிறது. முதுகெலும்பு நசுங்கியவன் ராட்டினம் ஏறலாமா என்று யாரிடம் கேட்பது? ராட்டினம் ஓட்டுகிறவளிடம்தான் கேட்க வேண்டும். நான் ஏறக்கூடியது உங்கள் பார்க்கில் ஏதாவது இருக்கிறதா? சின்னக் குழந்தைகள் ஏறுவதாக இருந்தாலும் பரவாயில்லை. வெட்கப்பட மாட்டேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

டிரைவர்


பிப்ரவரி 13

டிரைவர் சாருக்கு,

வெட்கப்பட மாட்டாராம்! ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்ததற்கு என்மேல் எரிந்து விழுந்தவர் யார், பக்கத்து வீட்டுக்காரரா? போகட்டும். நீங்களாக ஒன்று கேட்டீர்களே, அதுவே எனக்குப் போதும். கடிதத்தைப் படித்துவிட்டு மாவு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பார்க்கில் எல்லா ராட்டினத்துக்கு முன்னாலும் ஒரு பலகை உண்டு. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் பாதிப்புள்ளவர்கள் ஏறக்கூடாது. மெதுவாகப் போகிற ஒருசிலவற்றில் மட்டும் 'டாக்டரைக் கேட்டு ஏறவும்' என்று இருக்கும். அந்த ஒருசிலவற்றைக் கேட் திறக்கும் முன் பாப்பாவை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். எப்படித் தெரியுமா? கல்யாணமான புதிதில் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, இஞ்சின் மூடிமேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, "ஒரு சொட்டு சிந்தினா இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்" என்று மார்தட்டினீர்களே, அதே எவர்சில்வர் டம்ளர். அதை நிரப்பிப் பாப்பா மடியில் கொடுத்து, டிக்கெட் கிழிக்கிற பெண்ணைத் துணைக்கு ஏற்றிவிட்டேன்.

நிறைகுடம் தளும்பாது என்பதெல்லாம் எங்கள் பொம்மை ரயிலில் ஏறாதவர்கள் சொன்னது. தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும் தூக்கிப் போட்டு, பாதித் தண்ணீர் பாப்பாவின் கவுனில். அது வேண்டாம். சுழலும் கோப்பை இடுப்பைத் திருகிவிடும். முட்டி மோதுகிற கார் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். குதிரை ராட்டினத்தில் குதிரைகள் ஏறி இறங்கும், ஆனால் நடுவில் அன்னம் மாதிரி ஒரு பெஞ்சு இருக்கிறது, அது அசையாது. கிளம்பும்போது விளிம்பில் ஒரு துளி, அவ்வளவுதான். கால்வாய்ப் படகும் பரவாயில்லை. கடைசியாக என் ராட்சத ராட்டினம். உச்சிக்குப் போய்க் கீழே வரும்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. பெருமையடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

டாக்டரிடம் ஒவ்வொன்றையும் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். மூவருமாகப் புல்தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம்.

உங்கள் வாயாடி


பிப்ரவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

டாக்டர் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த டம்ளர் சோதனை எங்க புத்தகத்துல இல்லையே" என்றார். புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தார். அன்னப் பெஞ்சு, படகு, உன் ராட்டினம் மூன்றுக்கும் சம்மதம். பெல்ட் கட்ட வேண்டும், முதுகுக்குத் தலையணை வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். "வலிச்சா வீராப்பு காட்டாம இறங்கிடணும்" என்று அழுத்திச் சொன்னார். என்னைப் பற்றி அவரிடம் யார் சொன்னது?

ஆனால் ஒன்று விட்டுவிட்டாய். ஓடுகிற பஸ்ஸில் விழுகிறவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறவர்கள்தான் அதிகம். நீ ஓட்டத்தைப் பார்த்தாய், படியைப் பார்த்தாயா? படகில் எப்படிக் காலை வைப்பது?

ஊன்றுகோலோடு நடந்தும், அக்கா வீட்டு மர நாற்காலியில் உட்கார்ந்தும் பழகிக்கொண்டிருக்கிறேன். "பரீட்சைக்குப் படிக்கிறியாடா?" என்கிறாள். கிட்டத்தட்ட அப்படித்தான். பாப்பா என் பஸ்ஸில் வரும்போது, பாலத்திலிருந்து சர்ரென்று இறங்கினால் வயிற்றில் கூச்சம் தாங்காமல் "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கத்திச் சிரிப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. பிறந்தநாள் அவளுக்கு என்றாலும், நான் வருவது அதைக் கேட்கத்தான்.

டிரைவர்


மார்ச் 2

டிரைவர் சாருக்கு,

ஒப்புக்கொள்கிறேன், படியை நான் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். படகுத்துறையில் முழங்கால் உயரத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. படகைக் கழித்துவிட்டேன். அன்னப் பெஞ்சுக்குச் சரிவுப் பலகை போடுகிறார்கள். என் ராட்டினத்தை உங்களுக்காக முழுசாக நிறுத்துவேன். கூண்டும் மேடையும் ஒரே மட்டம், வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரிதான்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்து எழுதுகிறேன். வீடு மாற்றிவிட்டோம். தரைத்தளம், வாசலில் ஒரே ஒரு படி. முன்னறையில் பலகைக் கட்டில் போட்டிருக்கிறேன், குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். திரும்பிப் போக டிக்கெட் எடுக்காமல் வாருங்கள். பார்க்கிலிருந்து அப்படியே மூன்று பேரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"என்னைப் பாத்துக்கிட்டே கெழவியாயிடாத. போ, உன் வாழ்க்கையைப் பாரு" என்று அன்றைக்கு என் பெட்டியை வாசலில் வைத்தீர்கள். போனேன். பார்த்தேன். நன்றாக இல்லை.

உங்கள் வாயாடி


மார்ச் 16

அன்புள்ள வாயாடிக்கு,

நேற்று பாப்பா பிறந்தநாளில், ராட்டினத்திலிருந்து இறங்கியதும் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு நேராகப் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினேனே, அது பொய். வலிக்கவே இல்லை. உன் டம்ளர் சொன்னது அத்தனையும் சரி. நீ லீவரை இழுத்ததுகூடத் தெரியவில்லை. பூமிதான் மெல்லக் கீழே இறங்கியது. உன்னைவிட நல்ல டிரைவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் நீ கீழே இருந்தாய், பாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. பக்கத்துக் கூண்டுகளில் பிள்ளைகள் வானம் கிழியக் கத்துகிறார்கள். உச்சியில் ஊரே தெரிகிறது, "அங்க பாரு, நம்ம பாலம்" என்கிறேன். இவள் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி இறங்கியதும் காதோரமாகக் கேட்டாள்: "அப்பா, நான் மூச்சு விட்டா உங்களுக்கு வலிக்குதா?"

எட்டு வயசுக் குழந்தை கேட்கிற கேள்வியா இது?

பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவன் நான். இன்று என்னை அந்தக் குழந்தை சுமக்கிறது. நீ போட்டிருக்கிற கட்டிலில் நான் வந்து படுத்தால், அந்த வீட்டிலும் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கால் நுனியில்தான் நடப்பாள். சிரிக்க மறந்துவிடுவாள். வேண்டாம். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். நீ அழுவாய், தெரியும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

டிரைவர்


மார்ச் 22

டிரைவர் சாருக்கு,

அழவில்லை. கோபத்தில் இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அவள் பயத்தில் அப்படி உட்காரவில்லை. நான் சொல்லிக்கொடுத்து உட்கார்ந்தாள். டம்ளரை மடியில் கொடுக்கும்போது, "இதுதான் அப்பா முதுகு. ஆடாம, சிரிக்காம, கத்தாம புடிச்சுக்கோ. சிந்தினா அப்பாவுக்கு வலிக்கும்" என்று சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நீங்கள் வருகிறவரை தினமும் டம்ளரை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்தாள். மூச்சு விட்டால்கூடத் தண்ணீர் ஆடுகிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அன்றைக்கு ராட்டினத்தில் நீங்கள்தான் டம்ளர். வேறொன்றும் இல்லை.

நீங்கள் போன பிறகு என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, அப்பா ஒரு சொட்டுகூடச் சிந்தலைல? நான் ஜெயிச்சுட்டேன்ல?" ஆமாம் என்றேன். "அப்புறம் ஏம்மா போயிட்டாங்க?" என்றாள். நீங்களே வந்து சொல்லுங்கள்.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை பார்க் விடுமுறை. அன்று ராட்டினத்தை ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்போம். நாம் ஏறிக்கொள்ள மேனேஜரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "சிரிம்மா, ஒண்ணும் ஆகாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறாள்.

காலைப் பஸ்ஸுக்குப் பார்க் வாசலில் நிற்போம். வரவில்லை என்றால் இனிமேல் கேட்க மாட்டேன். எனக்கும் இருப்பது ஒரு முதுகுதான்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 7

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்றுக் காலைப் பஸ் வந்தது. பகல் பஸ்ஸும் வந்தது. இறங்குகிறவர்கள் கையில் ஊன்றுகோல் இருக்கிறதா என்று பாப்பா குனிந்து குனிந்து பார்த்தாள். வீட்டிலிருந்தே டம்ளரில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் ஒரு சொட்டு சிந்தவில்லை.

பகல் பஸ்ஸும் போன பிறகு, "அப்ப இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தண்ணீரை வேலியோரச் செடிக்கு ஊற்றினாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, டிக்கெட் கிழிக்கிற பெண்ணோடு கூண்டில் ஏறினாள். முதல் சுற்றில் சத்தமே இல்லை. இரண்டாவது சுற்றில் உச்சியிலிருந்து இறங்கும்போது கத்த ஆரம்பித்தாள். கீழே வந்ததும், "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்றாள். நீங்கள் கேட்க ஆசைப்பட்டது அதுதானே. கொஞ்சமும் மாறவில்லை, அப்படியே இருந்தது. அவள் போதும் என்று சொல்லும்வரை ஓட்டினேன். லீவரிலிருந்து கையை எடுக்க முடியாததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

கட்டிலைப் பிரித்துவிட்டேன். அந்த இடத்தில் பாப்பா படிக்க மேஜை வரப்போகிறது.

டம்ளர் உங்களுடையது. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பாப்பாவுக்கு நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், அவள் பதில் போடுவாள். வெளியே கிளம்பும்போது பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

பாப்பாவின் அம்மா